செக்ரோலில் இருந்த பெயர்கள்

கேரளத்தில் எங்கள் தேயிலை எஸ்டேட்டான போனக்காட்டுக்கு வெளியூர்க்காரர்கள் வருவது பெரும்பாலும் இரண்டு காரணத்துக்காக. ஒன்று அகஸ்தியர்கூடம். ஜனவரி பிறந்ததும் பாஸ் கிடைத்தவர்கள் முதுகுப் பையும் கையில் கம்புமாக வந்து இறங்குவார்கள். 1,868 மீட்டர் உயர மலைக்கு நடை எங்கள் ஊரில்தான் தொடங்குகிறது. இன்னொன்று பேய். எஸ்டேட்டில் பாழடைந்து நிற்கும் துரை பங்களாவைக் கேமராவில் பிடிப்பதற்கென்றே விதுரா தாண்டி, செக்போஸ்ட் தாண்டி, காட்டுப் பாதையில் குலுங்கிக் குலுங்கி வருகிறவர்கள் உண்டு.

அந்தக் கதை இதுதான். பங்களாவைக் கட்டிய வெள்ளைக்காரத் துரைக்கு ஒரு மகள் இருந்தாளாம். அந்தப் பிள்ளை அங்கேயே செத்துப்போனதாம். துக்கம் தாங்காமல் துரை குடும்பத்தோடு சீமைக்குத் திரும்பிவிட்டாராம். பிள்ளை மட்டும் இன்னும் அந்த வராந்தாவில் நடமாடுகிறதாம். எவ்வளவு நிஜமோ, எவ்வளவு கட்டியதோ, யூடியூபில் ஆயிரம் பேர் சொல்லியாகிவிட்டது.

நான் அந்த பங்களாவுக்குக் கீழே லயத்தில், தொழிலாளிகளின் வரிசை வீட்டில், வளர்ந்தவன். அங்கே காய்ச்சலில் போனவர்கள் உண்டு, பிரசவத்தில் போனவர்கள் உண்டு, பாம்பு கடித்துப் போனவர்கள் உண்டு. மலைச்சரிவில் தேயிலைச் செடிக்கு நடுவே அவர்களைப் புதைத்த இடங்கள் இருக்கின்றன. வந்தவர்களில் ஒருவர்கூட அவர்களில் ஒருவருடைய பெயரைக் கேட்டதில்லை. கேட்டாலும், மூன்று தலைமுறைக்கு முந்தைய பெயர்களைச் சொல்ல எங்களில் ஆள் இல்லை. இந்தக் குறை எனக்குள் சின்ன வயதிலிருந்தே உண்டு. அது எவ்வளவு பெரியது என்று தெரிந்தது தாய்லாந்தில், காஞ்சனபுரியில்.

கல்லறைத் தோட்டம்

ஆபீஸ் வேலையாக பாங்காக் போயிருந்தேன். வேலை முடிந்ததும் மற்றவர்கள் கடற்கரைக்குக் கிளம்ப, நான் தோன்புரி ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடித்தேன். மூன்றாம் வகுப்பு மர பெஞ்சு. கரும்பும் மரவள்ளியும் மாறி மாறி வருகிற சமவெளி. எதிரே உட்கார்ந்திருந்த தாய்லாந்துப் பாட்டி வாழைப்பழம் கொடுத்தார். அந்த ரயில் இப்போது நாம் டோக் வரைக்கும் போகிறது. 1943-ல் அந்தத் தண்டவாளம் பர்மாவுக்குப் போனது. சயாம் மரண ரயில் என்று நம்மவர்கள் சொல்வது இந்தப் பாதையைத்தான்.

காஞ்சனபுரி ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் காமன்வெல்த் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. உள்ளே 6,982 பேர். பிரிட்டிஷ்காரர்கள், ஆஸ்திரேலியர்கள், டச்சுக்காரர்கள். எல்லோரும் ஜப்பானிய ராணுவத்திடம் கைதியாகி ரயில் பாதை போட்டுச் செத்தவர்கள். ஒழுங்காக வெட்டிய பச்சைப் புல்தரை. அதில் வரிசை வரிசையாகத் தரையோடு ஒட்டிய கற்கள். ஒவ்வொரு கல்லின் மேலும் ஒரு பித்தளை நிறத் தகடு. தகட்டில் ராணுவ எண், பதவி, பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது. கீழே குடும்பத்தார் சொல்லி எழுதிய ஒரு வரி. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பூச்செடி. ஒரு தோட்டக்காரர் முழங்காலிட்டு, ஒவ்வொரு தகட்டின் விளிம்பிலும் படர்ந்த புல்லைக் கத்தரியால் வெட்டிக்கொண்டு போனார். அவசரமே இல்லாமல், ஒரு கல்லையும் விடாமல்.

நான் வயதைப் படித்துக்கொண்டே நடந்தேன். 23, 26, 21, 34, 24. எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் 21 வயது 21 வயதுதான். அவர்களுக்குக் கிடைத்த மரியாதையில் எனக்குக் கொஞ்சமும் மனக்குறை இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் அங்கே நின்று கும்பிடத் தோன்றியது.

வாசல் மண்டபத்தில் பெயர்ப் பலகைகள் இருக்கின்றன. 1943-ல் நீக்கே முகாமில் காலராவில் செத்த 300 பேரை எரித்துவிட்டார்கள். யாருடைய சாம்பல் யாருடையது என்று பிரிக்க வழியில்லை. எல்லாச் சாம்பலையும் இரண்டே குழிகளில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த 300 பேரின் பெயரும் மண்டபத்தில் தனித்தனியாக இருக்கிறது. உடம்பு கலந்துபோனாலும் பெயரைக் கலக்கவிடவில்லை. அதே மண்டபத்தில் பிரிக்கப்படாத இந்தியாவின் ராணுவத்தைச் சேர்ந்த 11 பேரின் பெயரும் உண்டு. தாய்லாந்தில் வெவ்வேறு முஸ்லிம் அடக்கஸ்தலங்களில் புதைக்கப்பட்டவர்கள். அந்தக் கல்லறைகளைப் பராமரிக்க முடியாததால் பெயர்களை இங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்.

வெளியே வந்தேன். அந்தத் தோட்டத்தை ஒட்டியே ஒரு புத்த கோயில், வாட் தவோன் வராராம். அதற்குள் ஒரு மயானம். அங்கேதான் நம் ஆட்கள் இருக்கிறார்கள்.

பக்கத்து மயானம்

ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்து எழுப்பிய ஒரு பழைய நினைவுச்சின்னம் அங்கே உண்டு. அதன் அருகே 2023-ல் ஒரு நடுகல் நட்டிருக்கிறார்கள். கடல் கடந்த தமிழர்கள் முன்னின்று செய்த வேலை. தமிழ்நாடு அரசும் நிதி தந்தது. சயாம் ரயில் பாதையில் மாண்ட தமிழர்களுக்காக. நான் போன நேரத்தில் கல்லுக்கு முன்னால் வாடிய செவ்வந்தி மாலையும் அணைந்த ஊதுபத்திகளும் கிடந்தன. தமிழ் எழுத்தைப் பார்த்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. கல்லைச் சுற்றி ஒரு தடவை வந்தேன். எந்தப் பக்கத்திலாவது பெயர் இருக்கிறதா என்று கண் தேடியது. இவ்வளவு பேருக்கு ஒரே கல். எழுதப் பெயர்கள் யாரிடமும் இல்லை.

மலேசியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் அங்கே நின்றிருந்தது. எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஓர் அம்மா சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“எந்த ஊரு தம்பி?”

“கேரளாவில ஒரு எஸ்டேட்டும்மா. தேயிலை எஸ்டேட்.”

“நாங்க ரப்பர் தோட்டம். உங்க ஊருலயும் லயம்தானா?”

“லயம்தான்.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “எங்க தாத்தாவோட அண்ணன் இங்க வந்தாரு. திரும்பி வரல. எங்க பாட்டி சாகுற வரைக்கும் அவர நெனச்சி ஆடி அமாவாசைக்குச் சோறு வச்சாங்க.”

“பேரு என்னம்மா அவருக்கு?”

“அதுதான் தெரியல. பாட்டி பெரியவரு பெரியவருன்னுதான் சொல்லுவாங்க. மூத்தார் பேரச் சொல்லமாட்டாங்க இல்ல? தாத்தா சின்ன வயசுலயே போயிட்டாரு. கேக்க ஆளு இல்லாமப் போச்சு.”

புருஷனின் அண்ணன் பெயரைச் சொல்லக்கூடாது என்பது ஒரு மரியாதை. அந்த மரியாதையிலேயே ஒரு மனிதனின் பெயர் கரைந்து போயிருக்கிறது. வேறு எங்கேயாவது எழுதி வைத்திருந்தால் இந்த நஷ்டம் வந்திருக்காது.

எப்படிப் போனார்கள்

இந்தக் கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. மலாயா முழுக்க ஜப்பானியர் கையில். பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்கு ஆயுதமும் அரிசியும் கடல் வழியாகக் கொண்டுபோவது ஆபத்தாகிவிட்டது. நேச நாட்டு நீர்மூழ்கிகள் கப்பல்களைக் குறிவைத்தன. அதனால் சயாமின் பான் போங் தொடங்கி பர்மாவின் தன்பியூசயாட் வரைக்கும், காட்டையும் மலையையும் குடைந்து, 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட முடிவெடுத்தார்கள். 1942 நடுவில் வேலை தொடங்கியது. 1943 அக்டோபர் 17 அன்று இரண்டு பக்கத் தண்டவாளமும் சேர்ந்தன. அந்த நிலத்தில் பல வருஷம் பிடிக்கவேண்டிய வேலை.

போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல். அது போதவில்லை. மலாயாவின் தோட்டங்களைப் பார்த்தார்கள். அங்கே தமிழ்க் குடும்பங்கள் பட்டினியில் கிடந்தன. ரப்பர் ஏற்றுமதி நின்றுவிட்டது. வெள்ளைக்காரத் துரைமார் ஓடிவிட்டார்கள், இல்லையென்றால் சிறையில். சம்பளம் இல்லை, அரிசி இல்லை. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடும் தங்க இடமும் இனாம் என்று சொன்னபோது முதலில் பலர் நம்பித்தான் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. சேதி மெல்லப் பரவியதும் யாரும் அசையவில்லை. பிறகு லாரி வந்தது. தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்குக் கேட்டார்கள். இனாமாகப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, கொட்டகைக் கதவை அடைத்து, அப்படியே ரயிலில் ஏற்றிய சம்பவங்களும் நடந்தன. சில இடங்களில் பெண்டாட்டி பிள்ளைகளோடு போனார்கள்.

சரக்கு வேகனில் நாள்கணக்காகப் பயணம். இறங்கியபின் காட்டுக்குள் நடை. கூரை ஒழுகும் மூங்கில் கொட்டகை. 1943 மழைக்காலத்தில் காலரா. வேலையோ அதே நேரத்தில்தான் உச்சத்தில் இருந்தது.

கைதிகளுக்கும் அதே காடு, அதே மழை, அதே அடி. ஆனால் அவர்களோடு அவர்களுடைய அதிகாரிகள் இருந்தார்கள், டாக்டர்கள் இருந்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கவேண்டும், கக்கூஸ் குழியைத் தள்ளி வெட்டவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்ல ஆள் இருந்தது. தமிழ்த் தொழிலாளிகளுக்கு அப்படி யாரும் இல்லை. தாகம் எடுத்தால் ஓடைத் தண்ணீர்தான். கைதிகளில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள், ஐந்தில் ஒருவர். ஆசியத் தொழிலாளிகளில், தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் எல்லாம் சேர்த்து, 90,000 பேர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதற்கு மேலும் சொல்கிறவர்கள் உண்டு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பான்மையோர் தமிழர்கள்.

கைதிகள் பற்றிச் சொல்லும்போது எண்ணிக்கை கிட்டத்தட்ட தலைக்கணக்கோடு வருகிறது. நம்மவர்கள் பற்றிச் சொல்லும்போது ‘சுமார்’, ‘இருக்கலாம்’, ‘மதிப்பீடு’ என்றுதான் வருகிறது. 1990-ல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புக் கொல்லையில் மண்ணைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் குவியலாகக் கிடைத்தன. தொழிலாளிகள் என்று முடிவு செய்தார்கள். அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை.

இந்தப் பாதையைப் பற்றி உலகத்துக்கே தெரியக் காரணம் 1957-ல் வந்த க்வாய் நதிப் பாலம் படம். அதில் பாலம் கட்டுகிறவர்கள் பிரிட்டிஷ் கைதிகள். தமிழர்கள் கிடையாது. படம் எடுத்தது இலங்கையில், கித்துல்கலயில். அந்த மலைகளிலும் தமிழர்கள் லயங்களில் குடியிருந்து கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் விட்டுவிடவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்கள் இதைச் சொல்கின்றன. கல்லில் எழுத முடியாததைக் காகிதத்தில் எழுதியவர்கள் அவர்கள்.

காஞ்சனபுரியில் சுற்றுலாக்காரர்கள் நடந்து போட்டோ எடுக்கிற இரும்புப் பாலத்தில் வளைந்த வளைவுகள் பழையவை, ஜாவாவிலிருந்து கொண்டுவந்து பொருத்தியவை. நடுவில் கோணமாக இருக்கிற இரண்டு கண்கள் 1945 குண்டுவீச்சில் நொறுங்கி, போருக்குப் பின் புதிதாகப் போட்டவை. பாலத்துக்குக் கொஞ்ச தூரத்தில் 1944-லேயே ஜப்பானிய ராணுவம் எழுப்பிய ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. இறந்தவர்களின் மொழிகளில் சுவரில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். தமிழும் உண்டு. சாகடித்தவர்களே தமிழில் எழுதி வைத்த அஞ்சலி! அதிலும் ஒரு தமிழன் பெயரும் இல்லை.

பட்டியல் யாரிடம் இருந்தது

திரும்பி வந்தபிறகும் ஒரு கேள்வி விடவில்லை. ஒரே காட்டில், ஒரே வருஷத்தில் செத்தவர்கள். ஒரு கூட்டத்துக்கு வயது வரைக்கும் தெரிகிறது, இன்னொரு கூட்டத்துக்குப் பெயர்கூடத் தெரியவில்லை. எப்படி?

விடை தேடிப் படித்தபோது கிடைத்தது இது. கைதிகள் ரகசியமாகப் பட்டியல் வைத்திருந்தார்கள். யார் எந்த முகாமில், எந்தத் தேதியில், எதனால் செத்தார், எங்கே புதைத்தோம் என்று துண்டுக் காகிதத்தில் எழுதி, பாட்டிலிலும் தகர டப்பாவிலும் அடைத்து, கல்லறைக்குள்ளேயே புதைத்து வைத்தார்கள். ஜப்பானியர் கண்டுபிடித்தால் கடும் தண்டனை. இருந்தும் எழுதினார்கள். 1945-ல் போர் முடிந்த சில வாரங்களிலேயே, செப்டம்பர் கடைசியில், ஒரு சிறு குழு அந்தப் பட்டியல்களோடு பாதை நெடுகப் போய் 144 இடுகாடுகளைக் கண்டுபிடித்தது. 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளை அடையாளம் கண்டது. நான் பார்த்த தோட்டம் அந்தக் காகிதங்களிலிருந்து முளைத்தது.

நம் தொழிலாளிகளுக்கும் ஒரு பட்டியல் இருந்தது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை: செக்ரோல். காலையில் பெயர் கூப்பிட்டு, வந்தவன் வராதவன் குறித்து, மாதக் கடைசியில் சம்பளம் போட வைக்கிற புத்தகம். செக்ரோல் இல்லாமல் எந்த எஸ்டேட்டும் ஒரு நாள்கூட நடந்ததில்லை. மலாயாவிலிருந்து சயாமுக்குப் போன தமிழர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு தோட்டத்தில் அதற்கு முன் பெயர் கொடுத்தவர்கள்தான். போர் முடிந்ததும் தோட்டம் தோட்டமாகப் போய், இந்தப் புத்தகங்களை எடுத்து, போனவர் யார், திரும்பியவர் யார் என்று கூட்டிக் கழித்திருந்தால் ஒரு பெரிய பட்டியல் வந்திருக்கும். அப்படி ஒரு முழுப் பட்டியல் யாரும் எடுக்கவில்லை. கூலிக் கணக்குக்கு எழுதிய பெயர், கூலி நின்றதும் தேவையில்லாமல் போய்விட்டது.

சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தம் 1951-ல் கையெழுத்தானபோது, ஜப்பானின் பணத்திலிருந்து நஷ்டஈடு கிடைக்க வழி செய்யப்பட்டது முன்னாள் போர்க் கைதிகளுக்கு. பட்டியல் இருந்தவர்களுக்குக் கல்லும் வந்தது, பணமும் வந்தது.

ஈப்பர் நகரத்து வாசல்

பட்டியல் இருந்தால் பெயரை எப்படிக் காப்பாற்றலாம் என்பதற்கு இன்னொரு ஊரைச் சொல்கிறேன். பெல்ஜியத்தில் ஈப்பர் என்று ஒரு நகரம் இருக்கிறது. முதல் உலகப் போரின் நாலு வருஷத்தில் தரைமட்டமான ஊர். போர் முடிந்ததும் அதை அப்படியே இடிபாடாக விட்டுவிடலாம், அதுவே நினைவுச்சின்னமாக இருக்கட்டும் என்றுகூட யோசனை வந்தது. ஊர்க்காரர்கள் கேட்கவில்லை. பழைய மாதிரியே, கல்லுக்குக் கல் பார்த்துத் திரும்பக் கட்டினார்கள்.

அந்த ஊரின் கிழக்கு வாசலில், வீரர்கள் போர்முனைக்கு நடந்துபோன பாதையில், 1927-ல் மெனின் வாசல் என்ற பெரிய வளைவு கட்டப்பட்டது. உடல் கிடைக்காமல் போன 54,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை அதன் சுவரில் வெட்டினார்கள். அதில் 400-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருக்கிறார்கள். 1914 அக்டோபரிலேயே நம் ஊர்ப் படைகள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டன. இந்தியப் படைவீரருக்குக் கிடைத்த முதல் விக்டோரியா கிராஸ், குதாதாத் கானுக்கு, அந்த ஊருக்குப் பக்கத்தில் நடந்த சண்டைக்காகத்தான். 1920-களின் கடைசியிலிருந்து ஒவ்வொரு நாளும் இரவு 8 மணிக்கு அந்த வாசலில் போக்குவரத்தை நிறுத்தி பியூகிள் ஊதுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஊரைப் பிடித்திருந்த காலம் தவிர, நாள் தவறியதில்லை.

பணக்காரன் ஏழை, அதிகாரி சிப்பாய் என்று பார்க்காமல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பெயர் இருக்கவேண்டும் என்பது 1917-ல் தொடங்கிய போர்க் கல்லறை ஆணையத்தின் கொள்கை. நல்ல கொள்கை. ஐரோப்பாவில் அதைப் பெரும்பாலும் காப்பாற்றினார்கள். ஐரோப்பாவைத் தாண்டியதும் அது தளர்ந்துவிட்டது. 2021 ஏப்ரலில் அந்த ஆணையமே வெளியிட்ட அறிக்கை அதை ஒப்புக்கொண்டது: முதல் உலகப் போரில் ஆப்பிரிக்காவிலும் மத்தியக் கிழக்கிலும் செத்தவர்களில் குறைந்தது 116,000 பேருக்குப் பெயரோடு நினைவுச்சின்னம் இல்லை, அது 350,000 வரைக்கும் போகலாம். அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள். சுமை தூக்கிப் போனவர்கள் அதில் ஏராளம். மன்னிப்பும் கேட்டார்கள்.

இவர்களாவது ராணுவத்தோடு போனவர்கள். தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றப்பட்டவன் எந்த ராணுவத்தின் கணக்கிலும் வரவில்லை. அவனுக்காக மன்னிப்புக் கேட்கவேண்டிய ஆபீஸ் எது என்பதே தெளிவில்லை.

தேனியில் ஒரு கல்

பெயர் எழுதும் பழக்கம் நமக்கு இல்லாததா? 2006-ல் தேனி மாவட்டம் ஆண்டிபட்டி பக்கம் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். தமிழ்பிராமி எழுத்து. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அதில் ஒன்று, கூடலூரில் மாடு கவர்ந்த சண்டையில் விழுந்த ஒருவனுக்கு நட்டது. கல்லில் இருப்பது சில சொற்கள்தான். ஊர் இருக்கிறது, எதற்காகச் செத்தான் என்பது இருக்கிறது, அந்தவன் என்ற அவன் பெயரும் இருக்கிறது.

எங்கள் எஸ்டேட் இருக்கிற இதே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இரண்டாயிரம் வருஷத்துக்கும் முன்பு, மாடு பிடிக்கிற சண்டையில் செத்த ஒரு சாதாரண ஆளின் பெயர் இன்று எனக்குத் தெரியும். எண்பது வருஷத்துக்கு முன்பு சயாமில் செத்த பல்லாயிரம் பேரில் ஒருவர் பெயரையும் அந்த இடத்தில் நின்று என்னால் சொல்ல முடியவில்லை. இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று யோசிப்பதைவிட, கையில் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுவது முக்கியம் என்று படுகிறது.

போனக்காட்டில் மிச்சம் இருப்பது

எங்கள் எஸ்டேட்டில் போர் நடக்கவில்லை. யாரும் எங்களை லாரியில் ஏற்றவில்லை. ஆனால் இங்கே வந்தவர்களும் ஆள் சேர்க்க வந்த கங்காணியின் பேச்சை நம்பி மலை ஏறிய தென்தமிழ்நாட்டுக் குடும்பங்கள்தான். துரை மாறினார், கம்பெனி மாறியது, கடைசியில் ஃபேக்டரியும் பூட்டியாயிற்று. மெஷின்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. சம்பள பாக்கிக்கும் கிராஜுவிட்டிக்கும் காத்திருந்தே பலர் போய்ச்சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் நெடுமங்காட்டிலும் திருவனந்தபுரத்திலும் வேலை தேடி இறங்கிவிட்டார்கள். லயத்துக்கு ஆள் குறையக் குறைய, யார் எங்கே புதைந்திருக்கிறார் என்று சொல்லத் தெரிந்தவர்களும் குறைகிறார்கள்.

மாமா வீட்டுப் பரணில் ஒரு பழைய செக்ரோல் புத்தகத்தின் சில தாள்கள் கிடைத்தன. ஓரமெல்லாம் செல்லரித்தது. இடது பக்கம் நம்பர். அடுத்து பெயர், இங்கிலீஷில், கணக்கு எழுதிய கிராணியின் காதுக்கு எப்படிக் கேட்டதோ அப்படி. பிறகு முப்பத்தொரு சின்னக் கட்டம், வேலைக்கு வந்த நாளுக்குக் கோடு. கடைசியில் பற்று, பாக்கி. ஒரே பக்கத்தில் நாலு மாரியம்மாள். நம்பர்தான் அவர்களைப் பிரிக்கிறது. ஒரு மாரியம்மாளின் கட்டங்களில் பதினெட்டாம் தேதிக்கு மேல் கோடு இல்லை. ஊருக்குப் போனாளா, பிள்ளை பெற்றாளா, செத்தாளா? மாமாவிடம் கேட்டேன். தாளை வெளிச்சத்தில் பிடித்து நம்பரைப் பார்த்தார். “இது நம்ம மேட்டு லயத்துக்காரிடா. அந்த மழையில காய்ச்சல் வந்து செத்தா. பலாமரத்துக்குக் கீழதான் வச்சிருக்கோம்” என்றார்.

அந்த ஒரு நிமிஷத்தில் ஒரு நம்பர் மனுஷியாகிவிட்டது. அதற்குத் தேவைப்பட்டது ஒரு தாளும், அதைப் படித்துச் சொல்ல ஒருவரும்.

இது முடியாத வேலை என்று யாரும் சொல்லக்கூடாது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவில் லயங்கள் அடித்துச்செல்லப்பட்டபோது, அடையாளம் தெரியாத உடல்களையும் உடல் பாகங்களையும் புத்துமலையில் எண் போட்டு அடக்கம் செய்தார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று எல்லா முறையிலும் பிரார்த்தனை செய்தார்கள். டி.என்.ஏ. முடிவு வர வர, எண் இருந்த இடங்களில் பெயர் வந்தது. எண்ணோடு விட்டுவிடாமல் பெயர் வரைக்கும் போகவேண்டும் என்று ஒரு அரசும் ஒரு ஜனமும் நினைத்தால் நடக்கும். கேரளம் அதைச் செய்து காட்டியிருக்கிறது.

ஆகவே போனக்காட்டுக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். எழுதுவது இவ்வளவுதான்: பெயர், கூப்பிட்ட பெயர், தகப்பன் அல்லது புருஷன் பெயர், தமிழ்நாட்டில் எந்த ஊர், எந்த டிவிஷனில் எந்த லயம், என்ன வேலை, எப்போது எதனால் இறந்தார், எங்கே வைத்திருக்கிறோம். தேதி தெரியாவிட்டால் எந்த மழை, எந்தத் திருவிழா, யார் கங்காணியாக இருந்த காலம் என்று எழுதிக்கொள்கிறோம். மூத்தார் பெயரையும் புருஷன் பெயரையும் சொல்லத் தயங்குகிற பாட்டிமார்களிடம் பேத்திகள் போய் உட்கார்ந்து கேட்கிறார்கள். சொல்ல மனம் வராதவர்கள் வாக்காளர் அட்டையை எடுத்து நீட்டுகிறார்கள். பழைய ரேஷன் கார்டு, சம்பளச் சீட்டு, பி.எஃப். காகிதம், கல்யாணப் பத்திரிகை, எல்லாவற்றிலும் பெயர் இருக்கிறது.

கல் எப்போது நடுவோம் என்று கேட்கிறார்கள். கல் பிறகு வரட்டும். காஞ்சனபுரியில் நம்மவர்களுக்கென்று ஒரு நடுகல் வர எண்பது வருஷம் ஆனது. வந்தபோது அதில் எழுதப் பெயர் மிச்சமில்லை. எங்கள் மலையில் அந்த வரிசை மாறவேண்டும். பெயர்கள் முதலில் சேரட்டும்.

பொன்முடி, மூணாறு, வால்பாறை, மாஞ்சோலை, நீலகிரி, இலங்கை மலையகம், மலேசியத் தோட்டம், எங்கே லயத்தில் வளர்ந்தவராக இருந்தாலும் நீங்களும் ஒரு நோட்டு வாங்குங்கள். உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய யாராவது இருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளாமல் இன்றைக்கே கேளுங்கள். சயாமுக்குப் போன யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்து, அவர் பெயர் உங்களுக்குத் தெரிந்திருந்தால், அதை எழுதி, எந்தத் தோட்டம் என்பதையும் சேர்த்து, நாலு பேருக்குத் தெரியும்படி வையுங்கள். அந்தப் பெயர் இன்னும் எழுதப்படாமல்தான் இருக்கிறது.